ஒளியை உணரும் மென்படலம்



தோட்டத்துப் பள்ளிகளில் பாடம் நடத்தும் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு உடனே விடை தெரியாவிட்டால், "நாளைக்குச் சொல்கிறோம்" என்று சொல்லி வைப்போம். அந்த நாளை சில சமயம் வருவதே இல்லை. இன்றைய பேச்சு, அப்படி ஒரு மாணவிக்கு நாங்கள் பட்ட கடனைத் தீர்ப்பதற்காகவே.

ஐந்தாம் ஆண்டு வகுப்பு. துணைக்கோள் எடுத்த படம் ஒன்றைத் திரையில் காட்டி, ஆறு எது, சாலை எது, செம்பனை எது, ரப்பர் எது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னோம். எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு கைகாட்டினார்கள். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில இருந்து படம் எடுக்கிற கேமராவுக்குள்ள என்ன இருக்கு? எங்க அப்பா கைப்பேசியில இருக்கிறதுதானா?" என்று கேட்டாள். "பெரிய கண்ணாடி வில்லை இருக்கும் அம்மா" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம். அந்த விடை அரைகுறையானது. கண்ணாடி ஒளியைக் குவித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். வந்து விழுந்த ஒளியை உணர்ந்து, "இங்கே இவ்வளவு ஒளி" என்று கணக்குச் சொல்வது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய படலம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அந்தப் படலத்தைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

முதலில் பொருள்களின் குணத்தைப் பார்ப்போம். செம்பு, இரும்பு போன்றவை மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்தும். ரப்பர், கண்ணாடி, காய்ந்த மரம் போன்றவை கடத்தமாட்டா. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பொருள்களும் உண்டு. சிலிக்கான், செலீனியம், ஈயச் சல்ஃபைடு ஆகியவை அவ்வகை. இவற்றைக் குறைகடத்திகள் என்கிறோம். இருட்டில் வைத்தால் இவை மின்சாரத்தை அவ்வளவாக விடமாட்டா. ஒளி பட்டால் வழி விடும். கூடுதலாக ஒளி பட்டால் கூடுதலாக வழி விடும்.

ஏன் அப்படி? பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அவை ஓடினால்தான் மின்சாரம். குறைகடத்தியில் அவை பள்ளத்தில் கிடக்கும் பந்துகளைப் போலக் கிடக்கின்றன. மேலே திடல் இருக்கிறது. அங்கே ஏறிவிட்டால் தாராளமாக உருண்டு ஓடலாம். பந்தை மேலே ஏற்ற ஓர் உதை வேண்டும். அந்த உதையைத் தருவது ஒளி. ஒளி என்பது சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. நீல ஒளியின் பொட்டலத்துக்கு வலு அதிகம். சிவப்புக்குக் குறைவு. சிவப்புக்கும் அப்பால், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு அதைவிடக் குறைவு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூறு சிறு பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக உதைத்தாலும் பந்து பாதி மேடு ஏறி, மறுபடியும் பள்ளத்துக்கே உருண்டு வந்துவிடும். வலுவான இளைஞன் ஒருவன் ஒரே உதையில் அதை மேலே ஏற்றிவிடுவான். ஒளியும் அப்படித்தான். ஒவ்வொரு குறைகடத்திக்கும் பள்ளத்தின் ஆழம் வேறு. ஆழத்துக்கு ஏற்ற வலு இல்லாத ஒளி எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பொருள் அசையாது. ஆகவே எந்த ஒளியை உணர வேண்டுமோ, அதற்கேற்ற ஆழமுள்ள பொருளைத் தேடிப் பிடிக்க வேண்டும். இத்துறையில் நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்த உழைப்பின் சாரம் இதுவே.

அந்தக் கதை தொடங்கும் இடத்தில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பிகளைப் போட்டார்கள். கம்பிக்குள் கடல்நீர் புகாமல் இருக்க மேலே ஓர் உறை வேண்டும். அந்த உறையாகப் பயன்பட்டது மலாய் நாட்டுக் காடுகளிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் வளர்ந்த தாபான் மரத்தின் பால். "கெத்தா பெர்ச்சா" என்று மலாயில் சொல்வார்கள். ரப்பர் மரம் இங்கே வேரூன்றுவதற்கு முன்பே, நம் நாட்டு மரத்துப் பால் உலகக் கடல்களின் அடியில் கிடந்தது. அதற்காக மரங்களைச் சீவிப் பால் எடுக்காமல், அடியோடு வெட்டிச் சாய்த்தார்கள் என்பது வருத்தமான செய்தி.

அந்தக் கெத்தா பெர்ச்சா தொழிலிலேயே வளர்ந்த பொறியாளர் வில்லோபி ஸ்மித் என்னும் ஆங்கிலேயர். கடலடிக் கம்பியைச் சோதிப்பதற்காக அவர் செலீனியக் குச்சிகளைப் பயன்படுத்தினார். அளவு நிலையாக நிற்கவில்லை. ஒரு சமயம் ஒன்று காட்டும், மறு சமயம் வேறொன்று காட்டும். கோளாறு எங்கே என்று தேடியபோது, குச்சிகள் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்தால் மின்சாரம் கூடுதலாகப் பாய்வதும், மூடினால் குறைவதும் தெரிந்தது. ஒளிதான் காரணம். 1873ஆம் ஆண்டில் அவர் இதை உலகுக்கு அறிவித்தார். "சோதனை கெட்டுப்போச்சு" என்று எரிச்சலோடு விட்டிருந்தால் ஓர் உண்மை கைநழுவியிருக்கும். அளவு ஏன் மாறுகிறது என்று கேட்டதால் அது கிடைத்தது.

அடுத்து ஈயச் சல்ஃபைடு. கலினா என்னும் தாதுவாக இது மண்ணில் கிடைக்கிறது. கல்கத்தாவில் ஆய்வு நடத்திய ஜகதீஷ் சந்திர போஸ், கலினாப் படிகத்தைக் கதிர்களை உணரும் கருவியாக்கி, 1904ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1930களில் ஜெர்மனியில் எட்கர் குட்ஷர் என்பவர், ஈயச் சல்ஃபைடு அகச்சிவப்புக் கதிர்களை நன்கு உணர்வதைக் கண்டு, அதை உணர்வியாக வளர்த்தார். அமெரிக்காவில் இராபர்ட் காஷ்மன் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதே வழியில் உழைத்தார். கண்ணாடித் தகட்டின் மேல் ஏறத்தாழ ஒரு மைக்ரான் கனத்துக்கு ஈயச் சல்ஃபைடைப் படியவைப்பார்கள். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெறுமனே படியவைத்தால் மட்டும் போதாது. ஆக்சிஜன் படும்படி பக்குவப்படுத்தினால்தான் படலத்துக்கு உணர்ச்சி பிறந்தது. தோசை மாவு எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். ஆனால் புளிக்கும் பக்குவம் தெரிந்த கைக்குத்தான் தோசை நன்றாக வரும். படலம் செய்வோரும் வெகுகாலம் அப்படிப்பட்ட கைப்பக்குவத்தையே நம்பியிருந்தார்கள்.

இப்போது சிலிக்கானுக்கு வருவோம். கைப்பேசிக் கேமராவில் இருப்பது இதுதான். நம் கண் பார்க்கும் ஒளி ஏறத்தாழ 0.4 மைக்ரான் முதல் 0.7 மைக்ரான் வரை. சிலிக்கானோ 1.1 மைக்ரான் வரை உணரும். அதாவது நாம் காணாத அகச்சிவப்பில் ஒரு சிறு பகுதியையும் அது காண்கிறது. இதை இன்றிரவே வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, தொலைக்காட்சியின் கையடக்க இயக்கியை எடுத்து, அதன் முனையிலுள்ள சிறு குமிழைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கைப்பேசித் திரையில் குமிழ் மின்னி மின்னி எரிவதைப் பெரும்பாலும் காணலாம். சில கைப்பேசிகளில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் தெரியாமல் போகலாம். அப்போது வேறொரு கைப்பேசியில் பாருங்கள்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் சிலிக்கான் தகட்டில் ஒரு புது அமைப்பை உருவாக்கினார்கள். தகட்டில் வரிசையாகச் சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழுந்த ஒளிக்கு ஏற்ப மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும். பிறகு வரிசையில் நிற்பவர்கள் வாளியைக் கைமாற்றி அனுப்புவதுபோல, ஒரு கட்டம் தன்னிடமுள்ளதை அடுத்த கட்டத்துக்குத் தள்ளும். வரிசையின் கடைசியில் ஒவ்வொன்றாக அளந்து எண்ணாக்குவார்கள். இக்கண்டுபிடிப்புக்காக 2009ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சிலிக்கானுக்கு 1.1 மைக்ரானோடு எல்லை முடிகிறது. மண்ணின் ஈரம், இலையின் நீர்ச்சத்து, பாறையின் வகை, நெருப்பின் வெப்பம் ஆகியவற்றைத் தெரிவிக்கும் கதிர்கள் அதற்கு அப்பால் இருக்கின்றன. அவற்றுக்குப் பள்ளம் ஆழமில்லாத பொருள் வேண்டும். இங்கிலாந்தின் மால்வெர்ன் என்னும் ஊரில் லாசன், நீல்சன், பட்லி, யங் என்னும் நால்வர் 1959ஆம் ஆண்டில் ஒரு விடையை வெளியிட்டார்கள். காட்மியம் டெலூரைடுக்குப் பள்ளம் ஆழம். பாதரச டெலூரைடுக்குப் பள்ளமே இல்லை எனலாம். இரண்டையும் கலந்தால், கலக்கும் அளவுக்கேற்ப ஆழத்தை நம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ளலாம். குழம்பில் காரம் அதிகமென்றால் தேங்காய்ப்பால் விட்டுச் சரிசெய்வோமே, அதைப்போல. இந்தக் கலவையே பாதரச காட்மியம் டெலூரைடு.

சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். பாதரசம் சூட்டில் ஆவியாகி ஓடிவிடும் பொருள். கலவை ஓரிடத்தில் சிறிது மாறினாலும், அந்த இடம் வேறொரு ஒளியைப் பார்க்கத் தொடங்கிவிடும். இதற்குமேல் இன்னொரு சிக்கல். இந்தப் படலத்தை வேறொரு படிகத் தகட்டின் மேல்தான் வளர்க்க வேண்டும். கீழேயுள்ள படிகத்தின் அணுக்கள் அடுக்கியிருக்கும் இடைவெளியும், மேலே வளரும் படலத்தின் இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். நம் தோட்டத்து நாற்றங்காலில் ஒட்டுக்கட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மொட்டுப் பட்டையும் கீழ்க்கன்றின் பட்டையும் சரியாகப் பொருந்தினால்தான் ஒட்டுப் பிடிக்கும். இடையில் காற்றோ மண்ணோ புகுந்தால் மொட்டு கருகிவிடும். படிகத்திலும் பொருத்தம் தவறினால் வெடிப்பும் குறையும் உண்டாகி, உணர்வி பொய்ச் செய்தி சொல்லும். அதனால்தான் காட்மியம், துத்தநாகம், டெலூரியம் மூன்றும் சேர்ந்த படிகத்தை அடித்தகடாக வைத்து, அதன்மேல் சுமார் பத்து மைக்ரான் அளவுக்குப் படலத்தைப் பொறுமையாக வளர்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட உணர்விகளைக் கடும் குளிரில் வைக்க வேண்டும். காரணம் இதுதான். பள்ளம் ஆழமில்லாதபோது, பொருளின் சொந்தச் சூடே எலெக்ட்ரான்களை உதைத்து மேலே ஏற்றிவிடும். ஒளியே படாதபோதும் "ஒளி வந்தது, ஒளி வந்தது" என்று உணர்வி சொல்லிக்கொண்டிருக்கும். இயந்திரம் ஓடும் பால் ஸ்டோருக்குள் நின்றுகொண்டு ஒருவர் காதோடு சொல்வதைக் கேட்க முடியுமா? இயந்திரத்தை நிறுத்தினால்தான் கேட்கும். குளிரவைப்பது அந்த இயந்திரத்தை நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

இனி இந்தப் படலங்கள் நிலப்படம் வரையப் போன வரலாற்றைச் சொல்கிறோம்.

1972ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23ஆம் நாள் அமெரிக்கா ஒரு துணைக்கோளை ஏவியது. பின்னர் அதற்கு லேண்ட்சாட்-1 என்று பெயர் வந்தது. பூமியின் நிலப்பரப்பை மட்டும் படிப்பதற்காகவே சென்ற துணைக்கோள் அது. அதில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று தொலைக்காட்சிக் கேமராவைப் போன்றது. எல்லாரும் அதையே பெரிதாக நம்பினார்கள். மற்றொன்று வெர்ஜீனியா நார்வுட் என்னும் பெண் பொறியாளர் வடிவமைத்த அலகிடும் கருவி. அதில் ஒரு கண்ணாடி ஒரு விநாடிக்குப் பதின்மூன்று முறைக்கு மேல் அப்படியும் இப்படியும் அசைந்து, முற்றத்தைப் பெருக்குவதுபோல நிலத்தை வரிவரியாகப் பெருக்கிக்கொண்டே போகும். "வானத்தில் அசையும் கண்ணாடியா? நிற்குமா?" என்று பலர் ஐயப்பட்டார்கள். அவருடைய குழுவினர் மாதிரிக் கருவியை லாரியில் ஏற்றிக் கலிபோர்னியாவின் மலைப்பகுதிக்குக் கொண்டுசென்று, பாறைகளைப் படமெடுத்துக் காட்டினார்கள்.

ஏவிய சில நாள்களிலேயே பெரிதாக நம்பிய கேமராவில் மின்கோளாறு ஏற்பட்டு, அதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஐயப்பட்ட கருவியோ அருமையாக வேலை செய்தது. பச்சை, சிவப்பு, இரண்டு அகச்சிவப்பு என்று நான்கு வகை ஒளியை அது அளந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஆறு உணர்விகள். ஆக இருபத்து நான்கு. அவற்றில் முதல் மூன்று வகைகளுக்கு வெற்றிடக் குழாய்களும், அகச்சிவப்பின் கடைசிப் பிரிவுக்குச் சிலிக்கான் உணர்விகளும் இருந்தன. நார்வுட் அம்மையார் 2023ஆம் ஆண்டில் தமது 96ஆம் வயதில் காலமானார்.

அத்துணைக்கோளின் படத்தில் ஒரு கட்டம் என்பது நிலத்தில் ஏறத்தாழ எண்பது மீட்டர். ஆனாலும் கனடாவின் லாப்ரடார் கரைக்கு அப்பால், அதுவரை நிலப்படத்தில் இல்லாத ஒரு குட்டித் தீவை அது காட்டிக்கொடுத்தது. நீளம் 45 மீட்டர், அகலம் 25 மீட்டர். தீவு உண்மையில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்த, 1976ஆம் ஆண்டில் ஃபிராங்க் ஹால் என்னும் அளவையாளரை ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். பனி மூடிய அந்தத் தீவின் உச்சியில் ஒரு வெண்கரடி உட்கார்ந்திருந்தது. அவரைக் கண்டதும் அது கையை ஓங்கியது. அலறியடித்துக்கொண்டு அவரை மேலே இழுத்துக்கொண்டார்கள். தீவுக்கு இன்று லேண்ட்சாட் தீவு என்றே பெயர். படம் தீவைக் காட்டியது, கரடியைக் காட்டவில்லை. நேயர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

1982ஆம் ஆண்டில் லேண்ட்சாட்-4இல் புதிய கருவி சென்றது. அதில் நூறு உணர்விகள். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அதை ஒட்டிய அகச்சிவப்புக்கும் சிலிக்கான். அதற்கு அப்பால் இண்டியம் ஆண்டிமனைடு. நிலத்தின் வெப்பத்தை அளக்கப் பாதரச காட்மியம் டெலூரைடு. பின்னிரண்டு வகைகளையும் உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ நூற்றெண்பது டிகிரி குளிரில் வைத்திருந்தார்கள். எண்பது மீட்டர் கட்டம் முப்பது மீட்டராகக் குறைந்தது. அதே வகைக் கருவியோடு 1984இல் சென்ற லேண்ட்சாட்-5, 2013 வரை ஏறத்தாழ இருபத்தொன்பது ஆண்டுகள் உழைத்தது. மூன்றாண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பியது அது.

1986ஆம் ஆண்டில் பிரான்சு அனுப்பிய ஸ்பாட்-1 துணைக்கோளில் அசையும் கண்ணாடிக்குப் பதிலாக, ஒரே வரிசையில் ஆறாயிரம் சிலிக்கான் கட்டங்கள் இருந்தன. பெருக்குமாற்றை அப்படியும் இப்படியும் வீசிப் பெருக்காமல், அகலமான துடைப்பத்தை நேரே தள்ளிக்கொண்டு போவது போன்ற முறை இது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலத்தைப் பார்க்கக் கூடுதல் நேரம் கிடைத்ததால் படம் தெளிந்தது. 2013இல் சென்ற லேண்ட்சாட்-8உம், 2021இல் சென்ற லேண்ட்சாட்-9உம் இம்முறையையே பின்பற்றுகின்றன. அவற்றில் வெப்பம் அளக்கும் கருவிக்குக் காலியம் ஆர்செனைடு படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புதுவகை உணர்வி செய்திருக்கிறார்கள். நம் மலேசியாவும் 2009ஆம் ஆண்டில் ரசாக்சாட் என்னும் படமெடுக்கும் துணைக்கோளை, நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதையில் ஏவியது.

உணர்வி தருவது வெறும் எண்கள்தாம். அந்த எண்களை நம்பலாமா? பால் ஸ்டோரில் தராசு நிற்கும் இடத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். தராசு ஓர் இம்மி தவறினால் காலையில் இருட்டோடு எழுந்து வெட்டிய உழைப்பு கணக்கில் குறைந்துவிடும். துணைக்கோளிலும் ஆயிரக்கணக்கான உணர்விகள் உள்ளன. இரண்டு உணர்விகள் ஒரே மாதிரி அமைவதில்லை. ஒன்று சிறிது கூட்டிச் சொல்லும், மற்றொன்று குறைத்துச் சொல்லும். அப்படியே விட்டால் படத்தில் கோடுகோடாக விழும். ஆகையால் துணைக்கோளுக்குள்ளேயே விளக்குகளை வைத்தும், சூரிய ஒளியை வெண்பலகையில் விழச்செய்தும், உணர்விகளை அடிக்கடி சோதித்துச் சரிபார்க்கிறார்கள். எடைக்கல்லைச் சோதிப்பது போன்ற வேலை இது.

அந்த எண்களிலிருந்து பயிரை எப்படி அறிகிறார்கள்? பச்சை இலை தன் உணவைச் சமைக்கச் சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்கிறது. அகச்சிவப்பை அது வேண்டாமென்று திருப்பி அனுப்புகிறது. ஆகவே நலமான இலை சிவப்பில் இருண்டும் அகச்சிவப்பில் பளீரென்றும் தெரியும். இலை வாடினால் இந்த வேறுபாடு குறையும். இரண்டு எண்களையும் ஒப்பிட்டால், எந்தப் பகுதி செழிக்கிறது, எந்தப் பகுதி வாடுகிறது, எங்கே காடு அழிந்தது, எங்கே புதுக்கன்று நட்டார்கள் என்று வரைந்துவிடலாம்.

நமக்கு இன்னும் நெருக்கமான பயன் ஒன்று உண்டு. புகைமூட்டத்தை யார் மறப்பார்? 1997ஆம் ஆண்டு செப்டம்பரில் சரவாக்கில் நெருக்கடி நிலையே அறிவிக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டில் நம் பள்ளிகள் மூடிக் கிடந்தன. லயத்து வீடுகளில் குழந்தைகள் இருமிய இருமலும், மூச்சுக்குத் தவித்த பெரியவர்களும் நம் கண்முன் நிற்கிறார்கள். நெருப்பு எங்கே எரிகிறது என்று அறிந்தால்தானே அணைக்க முடியும்? எரியும் நெருப்பு நான்கு மைக்ரான் அளவுள்ள அகச்சிவப்பில் மிகப் பிரகாசமாக ஒளிர்கிறது. 1999இல் ஏவிய டெரா, 2002இல் ஏவிய அக்வா, 2011இல் ஏவிய சுவோமி என்.பி.பி. ஆகிய துணைக்கோள்களில் பாதரச காட்மியம் டெலூரைடு உணர்விகள் வைக்கப்பட்டது இத்தகைய கதிர்களைக் காணவும்தான். கட்டத்தின் மிகச் சிறு பகுதியில் நெருப்பு இருந்தாலும் முழுக் கட்டமும் பளிச்சிடும். சிங்கப்பூரிலுள்ள ஆசியான் சிறப்பு வானிலை மையம் இத்தகைய வெப்பப் புள்ளிகளைக் கணக்கிட்டு அறிவிக்கிறது. "நாங்கள் எரிக்கவில்லை" என்று யாரும் எளிதில் மறைத்துவிட முடியாதபடி, மேலிருந்து ஒரு சாட்சி இருக்கிறது.

ஆனாலும் அந்தச் சாட்சி பார்க்காதவை பல. மேகம் மூடினால் இந்த உணர்விகளுக்கு நிலம் தெரியாது. நம் நாட்டு வானத்தில் மேகத்துக்குப் பஞ்சமில்லை. மண்ணுக்குள் புகைந்துகொண்டிருக்கும் கரிமண் நெருப்பு சில சமயம் தப்பிவிடும். முப்பது மீட்டர் கட்டத்துக்குள் செம்பனை மரங்கள் ஏறத்தாழ பன்னிரண்டு அடங்கிவிடும். பன்னிரண்டில் ஒன்று நோயுற்றால், மற்ற பதினொன்றின் பச்சை அதை மறைத்துவிடும்.

எங்கள் மாணவியின் தந்தை குலை வெட்டுபவர். அவர் ஒருநாள் பள்ளிக்கு வந்தபோது, மகள் திரையில் பார்த்த அந்தப் படத்தை அவருக்கும் காட்டினோம். அவர் ஒரு பகுதியைத் தொட்டு, "ஐயா, இங்க பச்சையாத்தான் காட்டுது. ஆனா இந்த நிரையில நாலஞ்சு மரத்துக்கு அடித்தண்டில காளான் வந்திருச்சு. குருத்து விரியாமலே நிக்குது. இன்னும் கொஞ்ச நாள்ல சாய்ஞ்சிரும்" என்றார். செம்பனையின் அடித்தண்டு அழுகல் நோயைத்தான் அவர் சொன்னார். மரம் உள்ளே அழுகிய பிறகும் மேலே ஓலை பச்சையாக இருக்கும் காலம் உண்டு. எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலுள்ள கருவிக்குத் தெரியாதது, அந்த நிரையில் தினமும் நடந்தவர் கண்ணில் பட்டுவிட்டது.

லேண்ட்சாட் தீவின் கரடியை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். படத்தைத் தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் அவர்கள் படத்தை மட்டும் நம்பாமல், சில இடங்களுக்கு நேரில் சென்று, இங்கே இருப்பது ரப்பரா, செம்பனையா, புதரா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அதை வைத்தே படத்தைத் திருத்துகிறார்கள். நிலத்தில் நடந்தவரின் சொல்லே அந்தப் படத்துக்கு எடைக்கல்.

இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படத்தில் ஒரு லயம் ஓரிரண்டு கட்டம்தான். அந்தக் கட்டத்தின் எண் கூரையின் வெளிச்சத்தைச் சொல்லும். அதற்குக் கீழே எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன, கோயிலடி மரத்தை நட்டவர் யார், இடுகாட்டில் யாருடைய பாட்டன் படுத்திருக்கிறார் என்று சொல்லாது. நாளை ஒருவர் நிலப்படத்தை விரித்து வைத்து, "இங்கே ஒன்றுமில்லை" என்று சொன்னால், "இருக்கிறது" என்று படத்தையும் படித்து, நிலத்தையும் அறிந்து பேசுகிற பிள்ளைகள் நமக்கு வேண்டும். லேண்ட்சாட் படங்கள் 2008ஆம் ஆண்டு முதல் எல்லாருக்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினியும் இணையமும் உள்ள எந்தப் பள்ளியிலும் அவற்றை எடுத்துப் பார்க்கலாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, நம் தோட்டம் எப்படி மாறியது என்று பிள்ளைகளோடு பெரியவர்களும் உட்கார்ந்து பேசலாம். எந்தத் தீம்பாரில் எந்த ஆண்டில் எந்த மரம் நின்றது என்று தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். அவர்கள் சொல்வதைக் குறித்து வைத்துக்கொள்வது, பாடம் படிப்பதற்கு நிகரான வேலை.

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு விடை சொல்லிவிடுவோம். அம்மா, உன் அப்பாவின் கைப்பேசியில் இருக்கும் சிலிக்கான்தான் அந்தக் கேமராவிலும் இருக்கிறது. அதற்குத் துணையாக, கைப்பேசியில் இல்லாத வேறு சில படலங்களும் கடுங்குளிரில் அமர்ந்து, நாம் காணாத ஒளியைக் கண்டுகொண்டிருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் அளவு மாறியபோது ஏன் என்று கேட்டவர்கள். நீயும் அப்படிக் கேட்டவள்தான். விடை தாமதமானதற்கு எங்களைப் பொறுத்துக்கொள். கேட்பதை மட்டும் விட்டுவிடாதே.

நேயர்களே, இன்றிரவு மறவாமல் அந்தத் தொலைக்காட்சி இயக்கிச் சோதனையைப் பிள்ளைகளோடு செய்து பாருங்கள்.